பதினெட்டுப் பாகம்

அட்டை பொறுக்கப் போன கடைசி நாள்
இறக்கக்கண்டிக்கு நேரே, பதினெட்டுப் பாகத்தில்,
மூன்றாவது சிலிண்டரும் முடிந்து
அவசரமாய் மேலே வந்தேன்.
வந்தது நான் மட்டும்தான்.
இடது கால் இன்னும் அங்கேயே நிற்கிறது.

இரும்பு உருளைக்குள் ஐந்து நாள் கிடத்தினார்கள்.
இரத்தத்தில் காற்று, என்றார் டாக்டர்,
சோடாப் போத்தலைத் திறந்த மாதிரி.
அதன் பிறகு இந்த வேலை:
நிலாவெளி ஹோட்டலில் இரவுக் காவல்.
ஒரு டோர்ச், ஒரு விசில், பிளாஸ்டிக் கதிரை,
ஆறரைக்குப் போட்டு விடிய அணைக்கப்
பதினான்கு லைட்.

பங்குனிக் கடைசியில், கரண்ட் நின்ற இரவொன்றில்
நீ ஏறி வந்தாய், பேராமையே.
தண்ணீரில் சிறகாய் இருந்தவை
மண்ணில் வெறும் துடுப்பாகி,
ஆளில்லாமல் கரையேறும் வள்ளம் போல
நாலு இழுவை, ஒரு மூச்சு,
நாலு இழுவை, ஒரு மூச்சு.
அடக்கத்துக்கு ஆமையைக் காட்டுவார்கள்.
உன்னை வந்து பார்க்கட்டும்:
தலையை உள்ளே இழுக்க ஓட்டில் இடமில்லை.
வேகமாய் நீந்துவதற்கு
அதை விலையாய்க் கொடுத்திருக்கிறாய்.

"அழுதடா, பாவம்," என்றான் குசினிப் பெடியன் ஜெயரூபன்.
அழுகை இல்லை, உப்பு.
குடித்த கடலைக் கண்ணோரத்தால் கொட்டுகிறாய்.
எங்களில் ஒருவருக்கும் அது கைவரவில்லை.
என்ஜின் நின்ற பதினோராம் நாள்
என் மச்சான் சிவகடாட்சம்
கடல் முழுக்கத் தண்ணீர் இருக்க
தாகத்தில் போனான்.

உன்னிடம் எனக்குக் கேள்வி ஒன்றுதான்.
எப்படித் திரும்பி வருகிறாய்?

ஆழம் இறுக்க இறுக்க
உன் நுரையீரல் பை போல மடங்குமாம்,
காற்று மூச்சுக்குழாய்க்கு ஒதுங்கி
இரத்தத்தைத் தொடாமல் நிற்குமாம்.
பாருக்கடியில் நீ உறங்கும்போது
ஒரு துடிப்புக்கும் மறு துடிப்புக்கும் நடுவே
நான் ஒரு பீடி பற்றவைத்து முடித்துவிடலாம்.
ஆனாலும்
வலையில் சிக்கி, பதறி, சடக்கென்று இழுபட்டால்
உனக்கும் என் வருத்தம்தானாம்.
அதைக் கேட்டபோது, மன்னித்துக்கொள்,
கொஞ்சம் ஆறுதலாய் இருந்தது.

பின்னங்கால்கள் கரண்டிபோல் மண்ணள்ள
முழங்கை ஆழத்தில் குழி.
விழுந்தால் உடையாத தோல் முட்டைகள்,
நூற்றுப் பதினாறு வரை எண்ணினேன்.
மூடிவிட்டு, குழி இல்லாத பக்கமும்
மண்ணை வாரி இறைத்தாய்,
நாய்க்கும் கள்ளனுக்கும் கணக்குப் பிழைக்கட்டுமென்று.
பிறகு கடல்.
திரும்பியே பார்க்கவில்லை.

கதிரையை அந்த இடத்தருகே போட்டேன்.
சித்திரை வெயில் மணலைச் சுட்டது.
சூட்டில் பெண்ணாம், குளிரில் ஆணாம்.
அப்படியென்றால் கீழே ஒரு கிராமத்துப் பெண்கள்.
இந்த மணலும்
சுனாமி கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவந்த மணல்தான்.
அது எப்படி உனக்கு அடையாளம் தெரிந்தது?
எங்களுக்கே காணி உறுதி காட்டச் சொன்னார்கள்.

ஐம்பத்திரண்டாம் இரவு.
மண் முதலில் பள்ளமானது,
பிறகு கொதித்தது.
ஒன்று மிதித்து ஒன்று ஏற, எல்லாம் ஒரேயடியாக,
கடலின் மங்கல் வெளிச்சத்தைத் தேடி வந்தவை
எங்கள் பதினான்கு லைட்டைப் பார்த்து
சாப்பாட்டு மண்டபத்துக்குத் திரும்பின.

நொண்டியும் ஓடலாம்.
மெயின் சுவிச்சை இழுத்தேன்.
மேலே வெள்ளைக்காரர்கள் கூவினார்கள்.
"என்ன நடந்தது, மகேந்திரம்?" இருட்டிலிருந்து மனேஜர்.
"பியூஸ் போயிட்டுது, சேர்."
பியூஸ் என் சட்டைப் பைக்குள் இருந்தது.

காலையில் பார்த்தேன்,
நான் நின்ற இடத்தில்
சின்னத் தடங்கள் நேராக வந்து,
என் இடது பாதத்தின் அச்சில் மறைந்து,
அந்தப் பக்கம் தொடங்கிப்
போயிருந்தன.
எத்தனை ஏறிப் போனதோ.
எனக்குத் தெரியவேயில்லை.