சார்ந்திருப்பவர் 01

நவம்பர் மூன்றாம் ஞாயிறு
இரண்டு டாக்சி மாறி
டோங்காட்டிலிருந்து வருவார் கன்னியப்பன்.
கையில் பழைய ஐஸ்கிரீம் டப்பா.
உள்ளே குலுங்கும் மாத்திரைச் சத்தம்
அவருக்கு முன்னால் படியேறி வரும்.

பிரிந்து பதினோரு வருடம்.
விவாகரத்து மட்டும் வாங்கவில்லை.
வாங்கினால்
என் மருத்துவக் காப்பிலிருந்து அவர் பெயர் உதிரும்.
அறுபத்தெட்டு வயதில் இன்னோர் இடத்தில் சேர்ந்தால்
தாமதத்துக்கு அபராதம்,
முன்பே இருக்கும் நோய்க்கு
ஒரு வருடக் காத்திருப்பு.
சர்க்கரை காத்திருக்குமா?
ஆகவே அட்டையில் நான் 00,
அவர் 01.
தாலியால் ஆகாததை
ஒரு பிளாஸ்டிக் துண்டு செய்துவிட்டதென்று
சிரிப்பாள் என் தங்கை இந்திராவதி.

சமையலறை மேசையில்
அடுத்த வருடத்தின் ஐந்து திட்டங்களை விரிக்கிறேன்.
எல்லாவற்றுக்கும் மரங்களின் பெயர்.
எதிலும் நிழலில்லை.
சந்தா இவ்வளவு ராண்ட்.
சேமிப்புக் கணக்கு இவ்வளவு;
போன தடவை அது ஜூனிலேயே வறண்டு
மீதி ஆறு மாதமும்
கைக்காசில் இருமினோம்.
மூட்டு மாற்றினால் முப்பதாயிரம் நம் பங்கு.
கண்ணாடி, இரண்டு வருடத்துக்கு ஒன்று.
அதற்குள் பார்வை மாறக்கூடாது.

"எந்த உறுப்பு கெடப்போகிறதென்று
இப்போதே சொல்லச் சொல்கிறான்கள்" என்கிறார்.
"பந்தயம் கட்டுவது உங்களுக்குப் புதிதா?"
கிரேவில் மைதானத்தில் அவர் விட்ட சம்பளங்கள்
எங்கள் இருவருக்கும் நடுவே
ஒரு சுற்று ஓடி முடிக்கும்வரை
பேசாமல் இருக்கிறோம்.

முப்பத்தொரு வருடம்
ஆர். கே. கான் ஆஸ்பத்திரி மருந்து ஜன்னலில்
எண்ணிப்போட்ட கை இது.
டப்பாவைக் கவிழ்க்கிறேன்.
மெட்ஃபார்மின், காலையும் இரவும்.
பிரஷருக்கு ஒன்று.
கொழுப்புக்கு ஒன்று. இந்தக் கம்பெனியைப்
பட்டியலிலிருந்து தூக்கிவிட்டார்கள்,
அதே சரக்கு வேறு பெயரில் பாதி விலைக்கு வருகிறது,
அதை எழுதச் சொல்லுங்கள் டாக்டரை,
இல்லையென்றால் மாதாமாதம் நாமே வித்தியாசம் கட்டணும்.
சரி சரி என்று சமோசாவைப் பிட்கிறார்.
மாங்காய் ஊறுகாய் எந்த அலமாரியில் என்கிறார்.
அலமாரி இருப்பதே ஒன்றுதான்.
அவர் அடித்த ஆணிகள்.

அடியில்
டிஷ்யூவில் சுற்றி ஓர் அட்டை.
டோனெபெசில், ஐந்து மில்லிகிராம்.
இருபத்தெட்டில் ஒன்பது குழி காலி.

இந்த மருந்தை வாங்க வந்தவர்களை எனக்குத் தெரியும்.
வரிசையில் கூட ஒரு ஆள் நிற்கும்.
எத்தனை வேளை என்று நான் சொல்வதை
நோயாளி கேட்பதில்லை,
கூட வந்தவர்தான் கேட்பார்.

யார் கூடப் போனது இவரோடு?

கேட்கவில்லை.
அட்டையைத் திரும்பச் சுற்றி,
அவர் சுற்றியிருந்த மாதிரியே சுற்றி, அடியில் வைக்கிறேன்.
வெளியே மழை, ஆஸ்பெஸ்டாஸ் கூரையில்.
குழாயடியில் கை கழுவிக்கொண்டு
ஏதோ எண்ணைத் தனக்குள் சொல்லிப் பார்க்கிறார்.

இரண்டாம் திட்டத்தில் என் முழங்காலுக்கு வழியுண்டு,
இதற்கில்லை.
நாலாவதில் இது உண்டு.
மாதம் ஆயிரத்து நூற்று நாற்பது கூட,
முழங்கால் பாடு என் பாடு.
இரண்டு முறை கூட்டிப் பார்க்கிறேன்.
மூன்றாம் முறை கூட்டாமல்
நாலில் பேனாவை வைக்கிறேன்.

"போன வருசம் போட்டதுதானே?"
"அதேதான்."

கிளம்பும்போது டப்பா மூடியில்
கறுப்பு மார்க்கரால் எழுதுகிறேன்:
சாட்ஸ்வர்த், யூனிட் மூன்று,
வீட்டு நம்பர், என் போன் நம்பர்.
அவருக்கு முகம் சுருங்குகிறது.
"எனக்கு வழி தெரியாதா?"

"டப்பாவுக்கு" என்கிறேன்.
"டாக்சியில் விட்டுவிட்டால்
யாராவது கொண்டுவந்து சேர்க்கட்டும்."