வலது சிலிண்டர்

என்னைவிட நான்கு வயது மூத்த உரால் வண்டி.
வலப்பக்கத் தொட்டியில் ஆறு பால் கேன்கள்.
சோன் குல் ஏரியிலிருந்து கொச்கோருக்கு இறக்கம்,
அப்புறம் இறக்கத்துக்கெல்லாம் வட்டி போட்டு ஏற்றம்.

போன வாரம் பால் நிலையத்தில் அய்ச்சுரோக்
இரண்டாவது கேனைத் திறந்தாள், முகர்ந்தாள்,
மூடினாள்.
"இதென்ன, பெட்ரோல் பங்க்கில் கறந்ததா?" என்று கேட்டிருந்தால்
சண்டையாவது போட்டிருப்பேன்.
கேட்கவில்லை.
நோட்டில் என் பெயருக்கு நேரே
ஒரு கோடு.

வலது சைலன்சர் கரி கக்குகிறது.
வண்டிக்குப் பின்னால் ஓடிவந்த வெள்ளைக் கன்றுக்கு
மூக்கின் கீழ் மீசை.
ஏற்றத்தில் இடது சிலிண்டர் இழுக்க
வலது இருமுகிறது,
விருந்தில் அதிகம் தின்றவனைப் போல.

"மூவாயிரம் மீட்டர், அண்ணி" என்றான் தின்ச்திக்,
கணவரின் தம்பி, எந்தக் கேள்விக்கும்
ஒரு பதில் மட்டும் கைவசம் உள்ளவன்.
"காற்று மெலிசு. காற்று குறைந்தால் பெட்ரோல் மிஞ்சும்.
மலையோடு யார் மல்லுக்கு நிற்பது?"

பிளக் இரண்டையும் கழற்றி
உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன்.
இடது, சுட்ட செங்கல் நிறம்.
வலது, ஈரக் கரி.
ஏன் தின்ச்திக்,
இடது சிலிண்டர் மட்டும் கடற்கரையிலா மூச்சு விடுகிறது?

காற்று வடிகட்டி இரண்டுக்கும் பொது. அதை விட்டேன்.
சோக் முழுக்கத் திறந்திருக்கிறது.
ஊசியை ஒரு பள்ளம் கீழே இறக்கினேன்: அதே இருமல்.
இன்னொரு பள்ளம்: அதே இருமல், கொஞ்சம் கோபத்தோடு.
ஜெட்டின் எண் இரண்டிலும் ஒன்றுதான்.
யாரோ பழைய புண்ணியவான்
கம்பி விட்டுக் குடைந்திருப்பானோ என்று
வெயிலில் பிடித்துப் பார்த்தேன். இல்லை.
அடைப்பு ஊசியை அழுத்திக் குழாயில் வாய் வைத்து ஊதினேன்.
கன்னம்தான் வலித்தது. கசிவில்லை.

இருட்டிவிட்டது. விரல்கள் விறைத்துப்போய்
திருகாணி ஒன்று புல்லில் விழுந்தது.
அதைத் தேடிய முக்கால் மணி நேரத்தைப் பற்றி
இங்கே எழுதப்போவதில்லை.

காலையில் ஒரு குறும்பு தோன்றியது.
வலது மிதவையை இடது கிண்ணத்தில் போட்டேன்,
இடதை வலதில்.
ஊசிகளைப் பழைய பள்ளத்துக்கே ஏற்றினேன்.
ஏரியை ஒட்டி நான்கு கிலோமீட்டர்,
குதிரைகள் ஒதுங்கி நின்று பார்க்க.
நிறுத்தி, கழற்றினேன்.
வலது பிளக் தவிட்டு நிறத்துக்கு வந்துகொண்டிருந்தது.
இடது கறுப்பு.

நோய் வீடு மாறிவிட்டது!

பித்தளை மிதவை, பிளம் பழ அளவு.
காதருகே ஆட்டினேன்.
களக்.
உள்ளே ஒரு தேக்கரண்டி பெட்ரோல்,
எத்தனை மாதங்களாகவோ.
மிதக்க வேண்டியது கனத்துப்போய்த் தாழ்ந்து கிடக்க,
கதவு அடைபடாமல் கிண்ணம் நிரம்பி வழிந்து
என் பால் கேனின் மூடிவரை வந்திருக்கிறது.

கெட்டிலில் கொதித்த நீரை வாளியில் ஊற்றி,
அடுப்பிலிருந்து இருபது அடி தள்ளி வைத்து,
மிதவையை முக்கினேன்.
பற்றவைப்பின் ஓரத்திலிருந்து
ஒரு குமிழி. பிறகு ஒரு சரம்.
ஊசி முனையளவு ஓட்டை.
அது வழியாக எவ்வளவு பேச்சு!

குமிழி நிற்கும்வரை மூன்று முறை நீர் மாற்றினேன்.
ஒரு பகலும் இரவும் காற்றில் தொங்கவிட்டேன்.
உள்ளே ஆவி மிச்சமிருந்தால்
ஈயம் வைப்பவளின் புருவம் மிஞ்சாது.
அப்புறம் ஈயம், எறும்புத்தலை அளவு,
கூடினால் அதுவும் கனம்.

வியாழக்கிழமை அய்ச்சுரோக்
இரண்டாவது கேனை முகர்ந்தாள்,
முதலாவதை மறுபடி முகர்ந்தாள்,
சந்தேகத்தோடு ஆறையும் ஊற்றிக்கொண்டாள்.
கோட்டை அழிக்கவில்லை.
பக்கத்தில் எடையை எழுதினாள்.

திரும்பும் வழியில் பின்னிருக்கையில் தின்ச்திக்.
கடைசி வளைவையும் வண்டி
இருமாமல் ஏறி முடித்ததும்
மூக்கை உயர்த்தி நீளமாய் இழுத்துவிட்டுச் சொன்னான்:
"இன்றைக்குக் காற்று
கொஞ்சம் கெட்டியாக இருக்கிறது, அண்ணி."