பதினான்காம் பக்கம்

பயணப் படிவத்தின் பதினான்காம் பக்கத்தை
யாரும் நிரப்புவதில்லை.
ஐவின் மட்டும் பேனா இரவல் வாங்கி
என் மேசையருகே நின்றே எழுதினார்:
"முதலில் பக்கத்து வீட்டு சூல்வைக்கு.
அவள் போய்க் கதவைத் தட்டி
உள்ளே உட்கார்ந்த பிறகு
என் மனைவிக்கு."

லுவாண்டாவிலிருந்து தகவல் வந்தபோது
ஸ்டவாங்கரில் விடியவில்லை.
"பூட்ஸ் போட்டுக்கொள்கிறேன்" என்றாள் சூல்வை.
வேறொன்றும் கேட்கவில்லை.

அப்புறம்தான் துத்தநாகப் பெட்டி,
தூதரக முத்திரை, பதப்படுத்தல் சான்றிதழ்.
சரக்குக் கட்டணத்துக்கு எடை:
பெட்டியோடு நூற்று அறுபத்துமூன்று.
வெள்ளிக்கிழமை ஜன்னலோர இருக்கைக்குக் கட்டிய பணம்
திரும்பி வந்துவிட்டது,
எந்தக் கணக்கில் எழுத?

என் பதினான்காம் பக்கம் காலி.
ஒன்பது வருடமாக ஒரே மாடியில் இருக்கிறேன்.
இன்று மாலை எதிர்வீட்டு மணியை அடித்து
உப்புக் கேட்டேன்.
பெயரையும்.