குளிருது

சேரம்பாடிக்கு மேலே, ஆறாம் நம்பர் லயத்து முற்றத்தில்
மாசி மாதக் காமன் கூத்து.
நான் ரதி.
டிராக்டர் ஓட்டுகிற கை நிறைய வளையல்.
மீசை மழித்த இடத்தில் பனி வந்து உட்கார்ந்திருக்கிறது.

சாமி வருமுன் கோமாளி வரவேண்டும், அதுதான் முறை.
யூரியா சாக்கில் சட்டை தைத்து
வீரமலை வந்தான்.
எடை மேடை இருந்த திக்கைப் பார்த்து விழுந்து கும்பிட்டான்:
"முப்பது கிலோ பறிச்சா மூணு கிலோ தண்ணின்னு கழிக்கிற தாயே!"
எடைக்காரரே சிரித்துவிட்டார்.
பிறகு தவத்திலிருந்த சிவனைச் சுற்றி வந்தான்.
"நெத்திக் கண்ணுல புரை விழுந்திருக்கே சாமி,
பந்தலூர் இலவச முகாமுக்கு ஒரு எட்டு போய்ட்டு வரக்கூடாதா?
ஆளை எரிக்கப் போறீரே, விறகு ஏது?
ஃபாரஸ்ட்காரன் கேஸ் போடுவான்."
சிவன் உதட்டைக் கடித்துக்கொண்டார்.
கழுத்து ரப்பர் பாம்புதான் குலுங்கியது.

அப்போது விழுந்தான்.
விழுவது அவன் தொழில். சிரித்தோம்.
எழுந்தான், பற்கள் தந்தியடிக்க:
"குளிருது."
சிரித்தோம்.
"ரொம்ப நாளாக் குளிருது. ஒரு போர்வை குடுங்கடி."
லயமே உருண்டது. ஒரு பிள்ளைக்கு விக்கல் எடுத்தது.
பூசாரி அழகர் மட்டும்
தோள் துண்டை இடுப்புக்கு இறக்கினார்.
திருநீறு அள்ளிய கை
நீளவும் இல்லை, மடங்கவும் இல்லை.
பூசுவதா,
பூசினால் அதற்கும் சிரிப்பார்களா

எடைக்காரர் மனைவி பவளாயி எழுந்துபோய்
தன் கம்பளியை அவன்மேல் போர்த்தினாள்.
ஏன் என்று கேட்டால் இன்றைக்கும்
"கேட்டுச்சு, குடுத்தேன்" என்பாள்.

காமனைக் கொளுத்தினார்கள்.
கம்பளிக்குள்ளிருந்து இரண்டு உள்ளங்கைகள் நீண்டு
வெந்துகொண்டிருந்த காமனில்
குளிர் காய்ந்தன.

அடுத்து என் ஒப்பாரி.
"மன்னவனே" என்று எடுத்தவன்
அந்தக் கைகளைப் பார்த்துவிட்டேன்.
வந்த சிரிப்பு நிற்கவில்லை.
மார்பில் அடித்துக்கொண்டு சிரித்தேன், முடி அவிழ்ந்து சிரித்தேன்.
முன்வரிசைப் பெண்கள் அழுதார்கள்,
போன வருடத்தைவிட அதிகமாக.

விடிந்ததும் குழாயடியில் பிடித்தேன்.
"நேத்து நடிச்சியா, வந்துச்சா?"
வாய் கொப்பளித்துத் துப்பினான்.
"விழுந்த வரைக்கும் நான்.
மிச்சத்துக்கு எனக்குச் சம்பளம் கிடையாது."

கம்பளியைக் காணோம்.
அவன் வீட்டில் இல்லை. கோயிலில் இல்லை.
தேயிலைக்குள்ளும் தேடிவிட்டோம்.
பவளாயி ஒவ்வொரு மாசியிலும் கேட்கிறாள்.
யார் வீட்டுக் கதவைத் தட்ட?