முப்பத்திரண்டு ஹெர்ட்ஸ்

லிஃப்ட் பழுது. பதினெட்டு மில்லிமீட்டர் பலகைகளை
நித்தியனும் நானும் ஏழு மாடி சுமந்தோம்.
நாலாவது மாடியில் மூச்சு வாங்கக் கேட்டான்:
"ஹெட்போன் போட்டால் ஆகாதா?"

அறுபது லிட்டர் பெட்டி.
இண்டு இடுக்கெல்லாம் பசை தடவி அடைத்தேன்.
காற்றுக்கு வாசல் ஒன்றுதான்,
செந்தூல் சோங் கடையில் வாங்கிய நாலங்குலக் குழாய்.
அவசரத்தில் இருபத்திரண்டு சென்டிமீட்டரில் அறுத்தேன்;
சுதி முப்பத்தேழில் போய் நின்றது.
அறுத்த குழாய் வளராது.
மறுபடி படியிறங்கினேன்.

இந்த முறை முப்பத்தொன்று. முப்பத்திரண்டு ஹெர்ட்ஸ்.
அந்தச் சுதியில் கூம்பு ஏறக்குறைய அசைவதில்லை,
குழாய்க்குள் இருக்கும் காற்றுதான் பேசுகிறது.
விரல் வைத்துப் பார்த்தேன்:
கூம்பு சாது,
வாசலில் புயல்.

உறுமி மேளம் போட்டேன்.
சுவரோரம் நின்றால் அடி வயிற்றில் விழுந்தது.
கூடத்தின் நடுவில் வந்தால்
பாதி மேளம் காணோம்.

நாலு மீட்டர் கூடம். நாற்பத்து மூன்று ஹெர்ட்ஸ்
இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் போய் வந்து
நடுவில் தன்னைத் தானே தின்றுகொள்கிறது.
பள்ளத்தை ஈக்வலைசரால் நிரப்பாதீர்கள் என்று
கடையில் தினமும் ஓதுகிறவள் நான்.
வீட்டில் நிரப்பினேன். ஆறு டெசிபல், பிறகு ஒன்பது.
ஆம்ப்ளிஃபையர் சுட்டது, சிவப்பு விளக்கு எரிந்தது,
பள்ளம் பள்ளமாகவே கிடந்தது,
பக்கத்து வீட்டு மக்சிக் ரொகாயா கதவைத் தட்டினார்:
"அடெக், அலமாரிக்குள் என் குவளைகள் நடக்கின்றன."

ஏற்றியதையெல்லாம் இறக்கினேன். அதற்கும் கீழே இன்னும் ஏழு.
குவளைகள் நின்றன.
உறுமியில் தோல் வேறு, கோல் வேறு என்று
அப்போதுதான் கேட்டது.

பள்ளம் அங்கேயேதான் இருக்கிறது.
அதற்கு நேர் மேலே கூரையில் கொக்கி;
நித்தியன் ஸ்பிரிங் மாட்டிச் சாரோங் தொட்டில் கட்டினான்.
தாரணி தூங்குகிறாள், மேலும் கீழும்.

தொட்டிலுக்கும் சுதி உண்டு. என் மைக்குக்கு எட்டாத ஆழம்.
கடிகாரத்தை வைத்து எண்ணினேன்:
போன மாதம் நிமிடத்துக்கு அறுபத்தாறு,
இன்று அறுபத்தொன்று.
குழாய் நீண்டால் உள்ளே காற்று கனக்கும், சுதி இறங்கும்;
இங்கே கனப்பது காற்றல்ல.

பெட்டிக் கணக்கு எழுதிய தாளின் பின்புறத்திலேயே போட்டேன்.
ஆறு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு.
கிளினிக் வியாழக்கிழமை.
நித்தியன் எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்கிறான்:
"தராசில் வைத்தால் ஆகாதா?"