ஒடித்தல்

மூன்று வாரமாக வேலைக்கு
வலப்பக்கமாகவே போய்க்கொண்டிருக்கிறேன்.
ஜெலுத்தோங்கிலிருந்து பாயான் லெப்பாஸுக்கு
இடது முனை எதிலும் ஒடிக்காமல்
போய்ச்சேர ஒரு வழி இருக்கிறது.
பதினோரு கிலோமீட்டர் பத்தொன்பதாகும்.
இரண்டு இடத்தில் யு-திருப்பம்,
மீன் சந்தையின் பின்புறம்,
பிறகு ஒரு சீனக் கோயிலின் வண்டி நிறுத்துமிடம்.
அங்கே படுத்திருக்கும் மூன்றுகால் நாய்க்கு
இப்போது என் சத்தம் தெரியும்.

இடப்பக்கம் முழுக்க ஒடித்தால்
செத்துவிடுகிறது ஸ்கூட்டர்.
விளக்கு, ஹார்ன், முள் எல்லாம் ஒரே நொடியில்.
நேராக்கினால் எழுந்துகொள்கிறது,
வகுப்பில் தூங்கி மாட்டியவன்
"கவனிச்சுக்கிட்டுதான் சார் இருக்கேன்" என்பது மாதிரி.

காயில் போச்சு, நூற்றெண்பது ரிங்கிட் என்றான் ஊய் கியாட்.
கையிலிருந்த தேநீரைக்கூடக் கீழே வைக்கவில்லை.
நாலாம் மாடி பரஞ்சோதி அண்ணன், பேட்டரி என்றார்.
சுங்கை பட்டாணியிலிருந்து தம்பி
போனில் சனியைச் சொன்னான்.

நான் சோதனை வரிசையில் வேலை செய்கிறவள்.
அட்டையில் இரண்டு ஊசிமுனை வைப்பேன்.
பச்சை எரிந்தால் இந்தத் தட்டு,
சிவப்பு எரிந்தால் அந்தத் தட்டு.
பதினாறு வருடம்.
எங்கே பழுது என்று
ஒருவரும் என்னைக் கேட்டதில்லை.
அது வேறு அறை, வேறு நிறச் சட்டை.

ஞாயிற்றுக்கிழமை, அடுக்குமாடியின் கீழ்,
மழைச்சாரல் எட்டாத தூணோரம்.
பசார் மாலத்தில் வாங்கிய இருபது ரிங்கிட் மீட்டர்.
வாயில் டார்ச்.

பேட்டரி: பன்னிரண்டு புள்ளி ஆறு.
பரஞ்சோதி அண்ணன் அவுட்.
இஞ்சின் ஓடும்போது பதினான்கு புள்ளி ஒன்று.
சார்ஜ் ஏறுகிறது.
ஃபியூஸ் முழுசு.
காயில் செத்தால் ஹார்ன் ஏன் சாகும்?
சனியை அளக்க இந்த மீட்டரில் இடமில்லை.

முன்மூடியைக் கழற்றினேன்.
ஏழு திருகாணி இருக்கவேண்டிய இடத்தில் நாலு,
ஒன்றில் பல்குத்தும் குச்சி.
உள்ளே எனக்கு முந்தியவர்கள் குடியிருந்தார்கள்.
ஒருவர் நீல விளக்கு மாட்டியிருக்கிறார்,
கழற்றியபோது வால்களைத் தொங்கவிட்டுப் போயிருக்கிறார்.
ஒருவர் டேப்புக்குப் பதில்
காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்டர் சுற்றியிருக்கிறார்.
ஒரே ஓர் இணைப்பு மட்டும் எவ்வளவு சுத்தமான பற்றவைப்பு!
அது யாராக இருந்தாலும்
ஒரு தே தாரே வாங்கிக் கொடுக்கலாம்.

பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றிவிட்டு
சாவித்துளைக்குப் போகும் சிவப்புக் கம்பியின்
இரு முனைகளிலும் ஊசி வைத்தேன்.
நேராக, பீப்.
வலது, பீப்.
இடது, மெல்ல, இன்னும் கொஞ்சம்,
பீ

மறுபடி நேராக. பீப்.
இரண்டு முறை போதும். நான் ஒன்பது முறை செய்தேன்.

மேல்தோல் பளபளவென்றுதான் இருந்தது.
பிளேடால் கீறினால் செம்பு பச்சை பூத்து
இழை இழையாக அற்றுப்போய்
நுனியும் நுனியும் தொட்டுக்கொண்டு நின்றன.
ஹேண்டிலை ஒடி, ஒடி என்றுதான் சொல்கிறோம்.
உள்ளே ஒன்று அதை
அப்படியே கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது.

வெட்டி, புதுக் கம்பி வைத்து, பற்றவைத்து,
சூட்டில் சுருங்கும் குழாயை லைட்டரால் இறுக்கினேன்.
இரண்டு அங்குலம் கூடுதலாக விட்டிருக்கிறேன்.
பல்குத்தும் குச்சியைத் திரும்ப அதே துளையில் வைத்தேன்,
வேறு திருகாணி இல்லை.

திங்கள் காலை முதல் முனையில்
மூச்சைப் பிடித்துக்கொண்டு இடது ஒடித்தேன்.
முள் அசையவில்லை. விளக்கு எரிந்தது.
இருபத்தைந்து நிமிடம் முன்னாலேயே தொழிற்சாலை வாசல்.
செய்ய ஒன்றுமில்லை.
நின்ற வண்டியில் உட்கார்ந்து
இடது, நேர், இடது, நேர்.
காவலர் ரஸ்லான் என்னைப் பார்த்துவிட்டு
வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

நாயிடம் சொல்லிக்கொள்ளவில்லை.
சனிக்கிழமை ஒருமுறை
வலப்பக்கமாகப் போகவேண்டும்,
பிஸ்கட்டோடு.