விரல் போகாத துளை

மடக்குக் கத்தியில் அது கதவு.
கட்டைவிரல் நுழைந்து தள்ள
உள்ளே உறங்கும் அலகு
டக்கென்று எழுந்து நிற்கும்.
பதினாலு மில்லிமீட்டர் விட்டம்.
கையுறை போட்ட விரலுக்கும் இடம்விட்டு
நான்தான் கணக்கிட்டேன்,
அம்பத்தூர் எஸ்டேட், இரண்டாவது மாடி,
மின்விசிறிக் காற்று எட்டாத மூலை மேசை.

இப்போது மடங்காத கத்தி.
பிடியிலிருந்து முனைவரை ஒரே எஃகு.
திறக்க ஒன்றுமில்லை, எப்போதும் விழித்திருப்பது.
இதிலும் துளை வேண்டுமாம்.

"ஓட்டை இல்லேன்னா நம்ம கத்தின்னு
எவனுக்குத் தெரியும்?" என்றார் ரங்கபாஷ்யம்,
கூட்டத்துக்கு வந்த மெதுவடையை உயர்த்திப் பிடித்து.
"இதப் பாருங்க. தூரத்துலேர்ந்தே வடைன்னு தெரியுதில்ல?"
எல்லோரும் சிரித்தார்கள். நானும்.
வடையின் துளை அடையாளத்துக்கு இல்லை சார்,
நடுவில் மாவு வேகாமல் போகக் கூடாதென்று...
சொல்ல வாய் திறக்கையில்
சட்னி வந்துவிட்டது.

அன்றிரவு வரைபடத்தின் மூலையில்
என் பெயரை அடித்தேன்: ஞா. இளவேனில்.
அப்பா எங்களை விட்டுப் போய்ப் பதினொரு வருடம்.
முன்னால் நிற்கும் அந்த எழுத்து
எதையும் திறப்பதில்லை, எதையும் அறுப்பதில்லை.
எடுத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டால்
வங்கியில் திருப்பி அனுப்புகிறார்கள்.
எழுத்தை விட்டு, பக்கத்துப் புள்ளியையே
பார்த்துக்கொண்டிருந்தேன்.
ஓலையில் எழுதியவர்கள் புள்ளி வைக்கவில்லை.
வைத்தால் ஓலை பொத்துக்கொள்ளும்.
படிப்பவருக்குத் தெரியும் என்று
விட்டுவிட்டார்கள்.

துளையில்லாமல் ஒன்று வரைந்து அனுப்பினேன்.
காலையில் சிவப்பு வட்டத்தோடு திரும்பி வந்தது,
சரியாக அந்த இடத்தில்,
சரியாக அந்த அளவில்.

லேசரில் இர்பான் வெட்டினான்.
துளைகளிலிருந்து விழுந்த வில்லைகள்
கீழே தகரத்தில் காசுபோல் கிடந்தன.
ஒன்றை எடுத்துப் பையில் போட்டேன். இன்னும் சூடு.

காசிமேட்டில் ஆறு பேரிடம் ஆறு கத்தி, சோதனைக்கு.
தேசராணி வஞ்சிரத்தின் கழுத்தில் இறக்கினாள்.
இரண்டாம் துண்டிலேயே துளைக்குள் சதை.
ஈர்க்குச்சியால் நோண்டி எடுத்தாள்.
மறுபடி சதை. பிறகு செதில். பிறகு ஒரு ஈ.
"இன்னாக்கா, கத்திக்கு மூக்கு குத்தி வுட்டீங்களா?"
"அது எங்க கம்பெனி அடையாளம்."
"அப்போ நீங்களே கழுவிக் குடுங்க,"
தலை நிமிராமல் சொன்னாள்,
அடுத்த கூடைக்கு விலை பேசிக்கொண்டே.
கொஞ்சம் கழித்து, கேட்காமலே:
"வெட்டு நல்லா கீது."

எதிர்க்கடை கிளாடிஸ் மட்டும்
துளையை ஆணியில் மாட்டினாள்,
அலகு மேலே, பிடி கீழே, கண்ணுக்கு நேராகக் கூர்.
"ஐ, தொங்குது," என்றாள்.
படமெடுத்து ரங்கபாஷ்யத்துக்கு அனுப்பினேன்.
உயர்த்திய கட்டைவிரல் ஒன்று
உடனே பதிலாக வந்தது.

பத்து நாள் கழித்துப் போனபோது
நாலு கத்திதான் இருந்தது.
ஒன்று கடலில். ஒன்று யாரோ மச்சினன் வீட்டில்.
தேசராணியின் கத்தியில் துளை இல்லை.
ஃபைபர் படகின் விரிசலுக்குப் பூசும் பசையைக்
குழைத்து அடைத்திருந்தாள்.
காய்வதற்கு முன் சமமாக்க அழுத்திய
கட்டைவிரலின் ரேகை
சுழிசுழியாய் அங்கேயே இறுகியிருந்தது.
கல்லில் கிடந்ததை அவசரத்துக்கு எடுத்த கிளாடிஸ்
புரட்டிப் பார்த்து,
"இது ராணியோடது" என்று வைத்துவிட்டாள்.

படிவத்தில் கடைசிக் கேள்வி:
அடையாளம் தெளிவாகத் தெரிகிறதா?
ஆம். இல்லை.

என் பேனா நனைந்து எழுதவில்லை.
கணக்கெழுதக் காதில் செருகியிருந்த பேனாவைத்
தேசராணியிடம் வாங்கி
ஆம் என்பதில் டிக் அடித்தேன்.